கிட்டார் இல்லாத ஆல்பத்துக்கு ஈ மேஜர் எதற்கு?

அன்புள்ள ஐயா,

தனியாளாக ஒரு ப்ளூஸ்-ராக் ஆல்பம் செய்கிறேன். கிட்டார் கிடையாது, ஹாமண்ட் ஆர்கனும் பியானோவும்தான். எட்டுப் பாட்டும் ஈ மேஜர் சுருதியில். ஒன்றை இணைத்திருக்கிறேன். ஏனோ உயிரில்லாமல் கிடக்கிறது. எந்த ஆர்கன் சாஃப்ட்வேர் வாங்கலாம்? ஒரே ஆள் எல்லாவற்றையும் வாசித்தால் எடுபடுமா?

எம்.

அன்புள்ள எம்.,

எடுபடும். 1980-ல் ஸ்டீவ் வின்வுட் 'ஆர்க் ஆஃப் எ டைவர்' ஆல்பத்தின் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்தார். சாஃப்ட்வேர் இருப்பதே போதும்.

ஆனால் எட்டும் ஈ-யிலா? கிட்டார்க்காரர்களுக்கு ஈ பிடிப்பது அடித்தந்தி ஈ என்பதால். கிட்டாரை விட்டுவிட்டு அவர்கள் சுருதியை மட்டும் ஏன் சுமக்கிறீர்கள்?

ப்ளூஸ் குடியிருப்பது, நம் கர்நாடக இசையில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அதற்கடுத்த அந்தர காந்தாரத்துக்கும் நடுவில். கிட்டாரில் தந்தியை வளைத்து அங்கே போகலாம். கீபோர்டில் ஒன்றிலிருந்து மற்றதற்கு வழுக்கத்தான் முடியும். சி-யில் வாசித்துப் பாருங்கள். சுண்டுவிரல் ஜி-யைப் பிடித்திருக்கட்டும். நடுவிரலால் ஈ ஃபிளாட்டை (சி-க்கு அதுதான் சாதாரண காந்தாரம்) அழுத்தி, அதே விரலைப் பக்கத்து வெள்ளைக் கட்டைக்குச் சரிய விடுங்கள். அழுகிறதா இல்லையா? எஃப்-இல் ஏ ஃபிளாட்டிலிருந்து ஏ, ஜி-யில் பி ஃபிளாட்டிலிருந்து பி: எல்லாமே கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இறக்கம். ஈ-யில் பாருங்கள், ஜி வெள்ளை, ஜி ஷார்ப் கறுப்பு. மேடேற வேண்டும். விரல் வழுக்காது; இரண்டு விரல் போட வேண்டும். உங்கள் பாட்டில் ஒவ்வொரு முறையும் அது தாளத்துக்குப் பிந்தி விழுகிறது. ஏ மேஜரிலும் இதே சங்கடம்தான். குரல் ஈ-யில்தான் நிற்கும் என்றால் கீபோர்டின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை +4 வைத்து சி-யின் விரல்களால் வாசியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லெஸ்லியை, அதாவது ஆர்கனின் சுழலும் ஸ்பீக்கரை, முதலிலிருந்து கடைசிவரை வேகமாகச் சுழல விட்டிருக்கிறீர்கள். இவ்வளவு நல்ல காது இருந்தும் இதை எப்படிப் பொறுத்தீர்கள்? மேல் ஹார்ன் இலேசானது, சட்டென்று வேகம் பிடிக்கும். கீழ் டிரம் கனமானது, சில வினாடி பின்தங்கும். அந்த இழுபறியைத்தான் கேட்பவர் ஏக்கமாக உணர்கிறார். ப்ளூஸின் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) வரிசையில் பதினோரு பார் மெதுவாகப் போகட்டும். பன்னிரண்டாவதில் வேகச் சுவிட்சைத் தட்டுங்கள்.

ஆர்கனில் பெர்கஷன் (ஸ்வரம் தொடங்கும்போது விழும் 'டிக்' ஒலி) போட்டால் ஒன்பதாவது டிராபார் (ஒலியின் நிறத்தை மாற்றும் இழுப்புக் கம்பி) பேசாது. பழுதென்று நினைக்க வேண்டாம், ஹாமண்டின் பி-3 மாடல் அப்படித்தான். எல்லாக் கட்டையும் மேலே வந்தபிறகுதான் அடுத்த 'டிக்' விழும். ஆகவே விரல்களை எடுத்து எடுத்து வாசியுங்கள்.

முதல் பாட்டை மட்டும் இப்படித் திரும்ப வாசித்து அனுப்புங்கள்.