குளூட்டாதயோன் மாத்திரை வாங்கும் முன்

அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை) 10, செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் குளூட்டாதயோன் குறைவு, மருந்துக் கடையில் குளூட்டாதயோன் மாத்திரையே தருகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள் சகோ. விழுங்கும் குளூட்டாதயோனில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். சிஸ்டீன், கிளைசின், குளூட்டமேட் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் (புரதத்தின் அடிப்படைத் துண்டுகள்) கோத்து நம் செல்களே அதைச் செய்துகொள்கின்றன.

சர்க்கரை கட்டுக்கு மீறினால் அந்த உற்பத்தியே மந்தமாகிவிடுகிறது. ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரிக் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 2 வாரம் சிஸ்டீனும் கிளைசினும் கொடுத்ததும் உற்பத்தி நன்றாகவே மீண்டது. ஆனால் நோயாளிகள் 12 பேர்தான். சர்க்கரையும் இறங்கவில்லை, அதற்கான சிகிச்சை தனியாக வேண்டும்.

அப்புறம், அம்மா நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுப்பதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலையே அதுதான். சிஸ்டீனுக்காகப் பலர் சொல்லும் என்-அசிட்டைல் சிஸ்டீன் அதோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலைவலி மண்டையைப் பிளக்கும். இதய மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருந்தால், இப்போதைக்கு அந்த அமினோ அமிலங்களைத் தரும் புரத உணவான முட்டை, பருப்பு, மீனைத் தட்டில் கூட்டுங்கள்.