காப்பி எடுத்த பிளானில் நோட் மட்டும் ஏன் மாறவில்லை?

கேள்வி: ஒரு தளத்தின் பிளான் நீளமாக இருப்பதால், கட்டட வரைபட மென்பொருளான ரெவிட்டில் அதை மூன்று காப்பி எடுத்து மூன்று ஏ1 ஷீட்டில் வைத்திருக்கிறேன். மூலப் பிளானில் கதவு எண்ணை மாற்றினால் எல்லா ஷீட்டிலும் மாறுகிறது. குறிப்பைத் திருத்தினால் மாறுவதில்லை. வெளியே வரையக் கொடுத்து வாங்கிய இன்னொரு கோப்பில் நேர்மாறாக இருக்கிறது. காப்பியில் ஒரு குறிப்பை அழித்தேன், மூலத்திலும் போய்விட்டது. எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். நீங்கள் எடுத்த காப்பி ஒரு வகை, வாங்கிய கோப்பில் இருப்பது வேறு வகை.

வியூ, ஷீட் எல்லாம் பட்டியலாக நிற்கும் புராஜெக்ட் பிரவுசரில், வியூவின் (பிளான் போன்ற ஒரு காட்சியின்) மேல் வலது கிளிக் செய்து ‘டூப்ளிகேட் வியூ’வுக்குப் போனால் மூன்று வழிகள் வரும். வெறும் ‘டூப்ளிகேட்’ எழுத்தும் அளவும் இல்லாத பிளானைத் தரும். ‘வித் டீட்டெய்லிங்’ எல்லாவற்றையும் ஒருமுறை நகலெடுத்துத் தந்துவிட்டு உறவை முறித்துக்கொள்ளும். நீங்கள் அழுத்தியது இதை. ‘ஆஸ் அ டிபெண்டண்ட்’ என்பதில் நகல் என்று எதுவுமே கிடையாது. மூல வியூவின் அதே குறிப்புகளை இன்னொரு ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அங்கே அழித்தால் இங்கேயும் போகாமல் என்ன செய்யும்?

அப்படியானால் உங்கள் காப்பிகளில் கதவு எண் மட்டும் எப்படி மாறியது? எண், அதைக் காட்டும் சிறு அடையாளமான டேகில் இல்லை, கதவில் இருக்கிறது. கதவின் ‘மார்க்’ என்ற இடத்தில் டி4 என்று இருந்தால், அதைக் காட்டும் எல்லா டேகும் டி4 என்றே வாசிக்கும். டேகை இரட்டை கிளிக் செய்து மாற்றினாலும் மாறுவது கதவுதான். அளவுக் கோடும் இதே ஜாதி. சுவரை நகர்த்தினால் எல்லாக் காப்பியிலும் அளவு மாறும். ஆனால் சுவரை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால், அதைப் பிடித்திருந்த அளவுக் கோடுகள் எல்லா வியூவிலும் சேர்ந்தே போய்விடும். சுவரை இழுங்கள், அழிக்காதீர்கள். டெக்ஸ்ட் நோட் மட்டும் எதையும் பிடித்துக்கொள்ளாத வெறும் எழுத்து. பல ஷீட்டில் திரும்பத் திரும்ப வரும் குறிப்பை கீநோட்டாக, அதாவது தனிக் கோப்பிலிருந்து வாசிக்கப்படும் குறிப்பாகப் போட்டால், கீநோட் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி ‘ரீலோட்’ கொடுத்தாலே போதும்.

உங்கள் வேலைக்கு டிபெண்டண்ட்தான் வேண்டும். மூன்று காப்பியில் எதில் குறிப்பு சரியாக இருக்கிறதோ அதை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டில் மட்டும் உள்ள குறிப்புகளை ‘ஃபில்டர்’ வைத்துப் பொறுக்கி, கண்ட்ரோல் சி அடித்து, மூலத்தில் ‘பேஸ்ட் – அலைன்டு டு கரண்ட் வியூ’ கொடுத்தால் அதே இடத்தில் வந்து உட்காரும். பிறகு மூலத்திலிருந்து மூன்று டிபெண்டண்ட் எடுத்து, ஒவ்வொன்றின் எல்லைச் சட்டமான கிராப்பையும் அந்தந்த ஷீட்டுக்குரிய பகுதிக்குச் சுருக்குங்கள். ஷீட்டில் பழைய வியூ உட்கார்ந்திருக்கும் சட்டமான வியூபோர்ட்டை அழித்துவிட்டுப் புதியதை இழுத்து வையுங்கள். ஷீட்டில் அழித்தால் வியூ அழியாது, பயம் வேண்டாம். பிளான் வெட்டுப்படும் இடத்தில் மூல வியூவிலேயே, அடுத்த ஷீட்டோடு சேரும் இடத்தைக் காட்டும் மேட்ச்லைன் கோட்டைப் போடுங்கள்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ‘அனோட்டேஷன் கிராப்’. கிராப்புக்கு வெளியே சுற்றி வரும் அந்த இரண்டாவது கோட்டை ஒரு குறிப்பு லேசாகத் தொட்டாலும், பாதி வெட்டுப்படாது, முழுக்க மறைந்துவிடும். நோட்டைக் காணோம் என்று புதிதாக ஒன்று அடிப்பார்கள். மூல வியூவில் போய்ப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருக்கும். குறிப்பு காணாமல் போனால் முதலில் அந்தக் கோட்டை வெளியே இழுத்துப் பாருங்கள்.

டிபெண்டண்ட் உதவாத ஓர் இடம் உண்டு. ஒரே மாதிரி ஃப்ளாட் ஐந்து தளத்தில் வருகிறது, ஒரு தளத்தில் போட்ட அளவும் குறிப்பும் ஐந்திலும் வர வேண்டும் என்றால், தளம் வேறு என்பதால் டிபெண்டண்ட் வராது. அதற்கு குரூப். ஃப்ளாட்டின் சுவர், கதவு, ஜன்னலோடு டேகையும் அளவையும் நோட்டையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து ‘கிரியேட் குரூப்’ கொடுங்கள். இரண்டு பெயர் கேட்கும். ஒன்று சுவர், கதவு, ஜன்னல் அடங்கிய மாடல் குரூப்புக்கு, மற்றது டேக், அளவு, நோட் அடங்கிய ‘அட்டாச்டு டீட்டெய்ல் குரூப்’புக்கு. மாடல் குரூப்பை மேல் தளங்களுக்குக் காப்பி செய்தால் சுவர் போகும், எழுத்து போகாது. அங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தளத்து பிளானிலும் குரூப்பைத் தொட்டு, மேலே ரிப்பனில் ‘அட்டாச்டு டீட்டெய்ல் குரூப்ஸ்’ அழுத்தி, பெயருக்கு டிக் போட வேண்டும். அதன்பின் ஒரு தளத்தில் குரூப்பைத் திறந்து நோட்டைத் திருத்தினால் ஐந்திலும் மாறும். குரூப்புக்கு வெளியே உள்ள, தூண் வரிசைக் கோடான கிரிட்டைப் பிடித்திருக்கும் அளவுக் கோடு மட்டும் இதில் சேராது. ஃப்ளாட்டின் சுவருக்குச் சுவர் அளவு வைத்துக்கொண்டு, கிரிட் அளவைத் தளத்துக்குத் தளம் தனியாகப் போடுங்கள். இருக்கிற வழி இதுதான், சுற்றுவழியாக இருந்தாலும்.

அலுவலகங்களில் ஓடுகிற பதிப்புகளில் குறியீடுகளை விளக்கும் லெஜெண்டை எத்தனை ஷீட்டில் வேண்டுமானாலும் வைக்கலாம், பிளானை ஒரே ஒரு ஷீட்டில்தான் வைக்கலாம். இந்தத் தலைவலிக்கெல்லாம் மூலம் அதுதான். அது போதாதென்று டெண்டரில் கடைசியில் ஆட்டோகேட் கோப்பான டி.டபிள்யூ.ஜி கேட்பார்கள். அதில் போய் இறங்கியதும் கதவு எண் வெறும் எழுத்தாகிவிடும், இத்தனை பாடும் வீண்.

வெளியே வரையக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷீட் கணக்கில் காசு வாங்கும் இடைத்தரகர்களில் சிலர் வேண்டுமென்றே ‘வித் டீட்டெய்லிங்’ காப்பியாகத் தருவார்கள். ஒரு திருத்தத்துக்கு மூன்று ஷீட் பில் போடலாமே! இன்னொரு கூத்து, அளவைப் பொய்யாக அடிப்பது. உண்மை அளவுக்குப் பதில் கையால் எழுத்து அடிக்கும் ‘ரீப்ளேஸ் வித் டெக்ஸ்ட்’டில் 3000 என்று நேராக அடித்தால் ரெவிட் ஏற்காது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைப் பக்கத்தில் ஒட்டி ஏமாற்றிவிடுவார்கள். அதன்பின் சுவர் 2850க்கு நகர்ந்தாலும் தாளில் 3000தான். சந்தேகப்படும் அளவை இரட்டை கிளிக் செய்யுங்கள். ‘யூஸ் ஆக்சுவல் வேல்யூ’வுக்குப் பதில் மற்றதில் புள்ளி இருந்தால் அது பொய்.

கோப்பு கைக்கு வந்ததும் புராஜெக்ட் பிரவுசரைப் பாருங்கள். டிபெண்டண்ட் வியூக்கள் மூல வியூவின் அடியில் உள்ளே தள்ளி நிற்கும். வரிசையில் சமமாக நின்றால் தனித்தனிக் காப்பி. உள்ளே தள்ளி நிற்பதை யாரும் ‘கன்வெர்ட் டு இன்டிபெண்டண்ட் வியூ’ அழுத்திப் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப ஒட்டவைக்கும் கட்டளை கிடையாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.