உரிமம் இல்லாத கைத்துப்பாக்கி: அரசு கஜானாவில் என்ன நடக்கிறது? (கேள்வி பதில்)

அமெரிக்காவின் 29 மாநிலங்களில் உரிமம் வாங்காமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாக்களுக்குச் செலவுக் கணக்கு எழுதும் வேலையில் பல வருடம் இருந்தேன். அதனால்தான் இந்தப் பக்கத்துக் கேள்விகளை நான் எடுத்துக்கொண்டேன்.

உரிமம் கட்டாயமில்லை என்றால் கட்டண வருமானம் முழுக்கப் போய்விடுமா?

போகாது. பெரும்பாலான மாநிலங்கள் உரிமத்தை ஒழிக்கவில்லை, விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கின்றன. பக்கத்து மாநிலத்துக்குப் போனால் அங்கே செல்லுபடியாக வேண்டுமே என்று பலர் இன்னும் வாங்குகிறார்கள். டெக்சாஸில் 2017இலேயே கட்டணத்தை 140 டாலரிலிருந்து 40 டாலராகக் குறைத்துவிட்டார்கள். உரிமம் தேவையில்லை என்ற சட்டம் 2021 செப்டம்பரில்தான் வந்தது.

அப்படியென்றால் ஷெரிஃப்கள் (கவுண்டி எனும் மாவட்டத்தின் காவல் தலைவர்கள்) இந்தத் தளர்வை ஏன் எதிர்த்தார்கள்? அவர்கள் துப்பாக்கிக்கு எதிரானவர்கள் இல்லையே.

நல்ல கேள்வி. அலபாமாவைப் பாருங்கள். அங்கே உரிமம் கொடுப்பது கவுண்டி ஷெரிஃப். கட்டணமும் அவர் அலுவலகத்துக்கே போகும். வண்டி, குண்டு துளைக்காத உடுப்பு, பயிற்சி என்று சின்னக் கவுண்டிகள் பல அந்தப் பணத்தை நம்பித்தான் ஓடின. 2022இல் சட்டத்தைத் தளர்த்தியபோது, இந்த இழப்பை ஈடுகட்ட 50 லட்சம் டாலர் மானியம் ஒதுக்கினார்கள். சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மானியம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியது. கட்டணமோ தானாக வந்துகொண்டிருந்தது. சலுகையை அறிவிப்பது மாநிலம், வருமானத்தை இழப்பது கவுண்டி. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. தெருவில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாமல் போய் நிற்கப்போகும் காவலருக்கான பயிற்சிக் காசில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

மசோதாவோடு வரும் செலவுக் குறிப்பில் இதெல்லாம் இருக்காதா?

கட்டண இழப்பு இருக்கும். சிறைச் செலவு சில சமயம் இருக்கும். டென்னசியில் 2021 சட்டம் துப்பாக்கித் திருட்டுக்குத் தண்டனையையும் கூட்டியது. அதனால் சிறைச் செலவு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஏறும் என்று கணக்கிட்டார்கள். சுதந்திரம் என்ற பெயரில் வந்த மசோதாவின் பெரிய செலவு சிறையில் போய் நின்றது.

ஆனால் மருத்துவமனைச் செலவு பொதுவாக வராது. காயம்பட்டவர் எத்தனை பேர் கூடுவார்கள் என்று மசோதாவின் வாசகத்தை வைத்து எழுத முடியாது என்று விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுத மாட்டோம், ‘கணிக்க இயலவில்லை’ என்றுதான் எழுதுவோம். விவாதத்தில் அதைப் பூஜ்யமாகவே படித்துவிடுகிறார்கள்.

அந்தச் செலவு உண்மையில் எவ்வளவு?

துப்பாக்கிக் காயங்களின் முதற்கட்ட மருத்துவமனைச் செலவு மட்டும் நாடு முழுக்க ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் என்று மத்தியத் தணிக்கை அமைப்பு 2021இல் சொன்னது. அதில் 60 சதவீதத்துக்கு மேல் மெடிகெய்டு போன்ற அரசுக் காப்பீட்டில் உள்ள நோயாளிகளுடையது. மெடிகெய்டில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. கட்டணமாக வராமல் போன 40 டாலர் கணக்கில் தெரிகிறது. அறுவைச் சிகிச்சைக்கான பில் வேறொரு துறையின் கணக்கில் போய் உட்காருகிறது.

நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் குற்றம் குறைந்து செலவும் குறையும் என்கிறார்களே?

1990களில் ஜான் லாட் என்ற பொருளாதார ஆய்வாளர் அப்படி வாதிட்டார். அதன்பின் கூடுதல் ஆண்டுகளின் தரவு வந்தது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூ குழு 2019இல் வெளியிட்ட ஆய்வுப்படி, துப்பாக்கி எடுத்துச் செல்வதை எளிதாக்கிய மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்முறைக் குற்றம், அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம். அந்தக் குழு அடுத்துப் பெருநகரங்களைப் பார்த்தபோது துப்பாக்கித் திருட்டு சுமார் 35 சதவீதம் கூடியிருந்தது, போலீஸ் துப்புத் துலக்கும் விகிதம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. காரில் வைத்துவிட்டுப் போகிறார்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுகிறார்கள். ஒன்று கவனியுங்கள்: இவை பெரும்பாலும் உரிமத்தை எளிதாக்கிய சட்டங்களைப் பற்றியவை. உரிமமே வேண்டாம் என்ற சட்டங்கள் புதியவை, அவற்றின் மேல் இந்த எண்களை அப்படியே ஒட்ட வேண்டாம்.

கட்டுப்பாடு அதிகமான மாநிலங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லைதானே?

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் உரிமம் கேட்பவர் தனித் தேவை காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் ‘தகுந்த காரணம்’ நிபந்தனையை ரத்து செய்தது. அதுபோன்ற விதி வைத்திருந்த மாநிலங்களிலும் விண்ணப்பங்கள் குவிந்தன. நியூஜெர்சி அந்த ஆண்டு டிசம்பரில் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 200 ஆக்கி, 150ஐ உள்ளூர் காவல்துறைக்கே விட்டது. வேலை செய்பவர் கைக்கே காசு போகும்படி வைத்தது சரியான ஏற்பாடு.

டாலஸில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இங்கே உரிமம் வேண்டாமே, வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மாநிலம் தளர்த்தினாலும் மத்தியச் சட்டம் அப்படியே இருக்கிறது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு; அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள்.