எதை விடப்போகிறீர்கள்?

வணக்கம் சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். எங்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி, சி.டி.சி. (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திர முறை) தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் முதலாளி எங்கள் நிர்வாகக் குழுவை (இலை கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு) ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் உட்காரவைத்துத் திட்டம் போடுவார். போன முறை போட்டது இது: உற்பத்தியைக் கூட்டுவது, தரத்தை உயர்த்துவது, ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையை உருட்டிச் சுருளாக எடுக்கும் பழைய முறை) தொடங்குவது, சொந்தப் பெயரில் பாக்கெட் போடுவது, ஆன்லைன் விற்பனை, சுற்றுலாப் பயணிகளுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டுவது, செலவைக் குறைப்பது. பாக்கெட் வேலை பாதியில் நிற்கிறது. மற்றது எதுவும் நகரவில்லை. "திட்டம் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் செய்யலை" என்கிறார் முதலாளி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எங்கே தப்பு என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. ஒரு குழுவாக உட்கார்ந்து நல்ல வியூகம் வகுப்பது எப்படி? வெளியிலிருந்து ஆலோசகர் வைத்துக்கொள்ளலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் ஏழு விஷயங்கள் இருக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. சேர்த்து வைத்தால் ஒன்றின் காலை ஒன்று வாருகிறது. எதைச் செய்வோம் என்று ஏழு வரி எழுதியவர்கள், அதற்காக எதை விடுவோம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் திட்டம் நகராமல் கிடப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஹோட்டல் அறையில் இது தெரியாது. சாயங்காலம் ஆலையில் இலை எடை போடும் இடத்தில் நின்றால் தெரியும். விவசாயிகளிடம் இலை திரட்டி வரும் ஏஜெண்டின் வண்டியிலிருந்து சாக்குகள் இறங்குகின்றன. திணித்துக் கட்டிய சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. அடியில் இருப்பது கசங்கிச் சிவந்துவிட்டது. கொழுந்தோடு முற்றிய இலையும் குச்சியும் கலந்து வருகிறது. சி.டி.சி. இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆர்த்தடாக்ஸ் பொறுக்காது. கொழுந்து அடிபடாமல், சூடேறாமல் வந்து சேர்ந்தால்தான் ஒழுங்காக வாடும், ஒழுங்காகச் சுருளும். சரி, அந்த இலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். அதே வண்டி அடுத்த ஆலைக்குப் போகும். அன்றைக்கு உங்கள் இயந்திரம் குறைவாக ஓடும். ஆக, உங்கள் திட்டத்தின் முதல் வரியும் மூன்றாவது வரியும் தினமும் அந்தத் தராசுக்கு முன்னால் மோதிக்கொள்கின்றன. இது உங்கள் இலை மேலாளருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் கூட்டத்தில் அவர் வாய் திறந்தாரா?

கணக்காகவே பார்ப்போம். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். நாளுக்கு 15,000 கிலோ இலை வாங்கும் ஆலை என்று வைத்துக்கொண்டால் சுமார் 3,500 கிலோ தூள். ஐந்தில் ஒரு பங்கு இலையைத் தரம் போதாது என்று திருப்பினால் 2,800 கிலோ. சம்பளமும் வங்கி வட்டியும் அப்படியே இருக்கும். அந்த நிலையான செலவு கிலோவுக்குக் கால் பங்கு ஏறிவிடும். அதை ஈடுகட்ட ஏல விலை எவ்வளவு கூட வேண்டும், அதுவரை எத்தனை மாதம் தாங்க முடியும் என்ற கணக்கை உங்கள் கணக்கு அதிகாரி எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். போட்டிருந்தால், "இந்த வருடம் உற்பத்தி குறைந்தால் குறையட்டும்" என்றோ, "ஆர்த்தடாக்ஸ் இப்போதைக்கு வேண்டாம்" என்றோ ஒரு முடிவு வந்திருக்கும். இரண்டில் எதுவானாலும் வியூகம்தான். இரண்டும் வேண்டும் என்பது ஆசை.

ஏன் யாரும் சொல்லவில்லை? முதலாளி முதலில் பேசியிருப்பார். அவர் பேசி முடித்தபின் மறுத்துப் பேசுவது நம் ஊரில் லேசான காரியம் இல்லை. அதனால் அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரட்டும். ஆலையின் பெரிய முடிச்சு எது, எதை நிறுத்தலாம், இந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில். எல்லோருடையதையும் எல்லோரும் படித்துவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் முதலாளி கடைசியாகப் பேசட்டும். இதற்கு அவர் ஒப்புக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

திட்டம் ஒரு வடிவத்துக்கு வந்ததும் இன்னொரு காரியம் செய்யுங்கள். அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய முறை இது. ஒரு வருடம் ஓடிவிட்டது, நம் திட்டம் முழுத் தோல்வி என்று எல்லோரும் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் பேசாமல் தனியாக எழுத வேண்டும். அப்புறம் வரிசையாக வாசிக்க வேண்டும். "இது நடக்காது" என்று சொன்னால் எதிர்ப்பாளன் என்று பேர் வரும். "ஏன் நடக்கவில்லை" என்று கேட்டால் அதே ஆள் தயங்காமல் சொல்வார். நம் முதலாளி, தொழிலாளி மரியாதைகளுக்கு நடுவே இது நன்றாகவே வேலை செய்யும் என்பது என் நம்பிக்கை.

அப்படி எழுதும்போது, நம் கையில் இல்லாத எதையெல்லாம் நம்பி இந்தத் திட்டம் நிற்கிறது என்பதும் வெளியே வர வேண்டும். நீலகிரிக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சோவியத் யூனியன் வாங்கிக்கொண்டே இருக்கும் என்று நம்பி அளவைப் பெருக்கிய காலம் ஒன்று இருந்தது. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சை இலை விலை சரிந்தபோது இங்கே சிறு விவசாயிகள் பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் அப்படித்தான். 1960இல் நிறுவி, 1967இல் உற்பத்தி தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். இறக்குமதி வரி காவல் இருந்தவரை ஓடியது. வரி குறைந்ததும், பெரிய கடனில் எழுப்பிய புதுப் பிரிவின் வட்டி கழுத்தை நெரித்தது. பின்னாலேயே டிஜிட்டல் வந்தது. கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளர்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. உங்கள் பட்டியலில் சுற்றுலாவும் இருக்கிறதல்லவா? 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஆலையைப் பார்க்க வரும் கூட்டத்தைக் கணக்குப் போட்டவர் இதைச் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

"நீங்கதான் செய்யலை" என்ற பேச்சுக்கு வருகிறேன். இலை மேலாளருக்கு ஊக்கத்தொகை எதை வைத்துக் கொடுக்கிறீர்கள்? வாங்கிய கிலோவை வைத்து என்றால், அவர் கிலோவைத்தான் வாங்குவார். தரம் என்று சுவரில் எத்தனை எழுதினாலும் மாறாது. விற்பனைக்காரருக்கும் அப்படியே. திட்டத்தை மாற்றிவிட்டு ஊக்கத்தொகையை மாற்றாமல் விட்டால் பழைய திட்டம்தான் ஓடும். முதலாளியிடம் இதை மட்டும் தனியாகப் போய்ப் பேசுங்கள். குழுவுக்கு முன்னால் வேண்டாம்.

கூட்டத்தின் முதல் அரை நாளை ஹோட்டலில் வைக்காமல் ஆலையில் வையுங்கள், இலை வரும் நேரமாகப் பார்த்து. இரண்டு மூன்று ஏஜெண்டுகளையும், உங்களுக்கு இலை கொடுப்பதை நிறுத்திவிட்ட விவசாயிகள் சிலரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அவர்கள் சொல்வது எந்த அறிக்கையிலும் கிடைக்காது.

ஆலோசகரைத் தாராளமாக வையுங்கள், ஆனால் குறிப்பிட்ட கேள்விக்கு வையுங்கள். ஏலத்தில் நல்ல விலை போகும் தூளுக்கும் உங்கள் தூளுக்கும் என்ன வித்தியாசம் என்பது அப்படி ஒரு கேள்வி. அனுபவமுள்ள டீ டேஸ்டர் ஒருவர் பெயர் மறைத்து வைத்த கோப்பைகளைச் சுவைத்துச் சொல்லிவிடுவார். எதை விடுவது என்பதை அவர் சொல்ல முடியாது. அது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. டேஸ்டர் வேலையை ஜனவரியிலேயே முடித்து, அவர் எழுதித் தருவதை ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு பக்கம் எழுத உட்காரும்போது எல்லோர் கையிலும் அது இருக்கட்டும்.

அன்புடன்