வாசகர் கேள்வி, அக்கா பதில்: ப்ராக்கில் போய் என்ன சாப்பிடுவது?

போன இதழில் செக் குடியரசுக்குப் போய்வந்ததை இரண்டே வரியில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன.

கேள்வி: அக்கா, ஜெர்மனியில் இருக்கும் அண்ணனிடம் போகிறோம். அப்படியே செக் தலைநகர் ப்ராக்கையும் மூன்று நாள் பார்க்க ஆசை. அந்த ஊர்ச் சாப்பாடு எங்கள் வாய்க்குப் பிடிக்குமா? – வாசகி, கல்லடி

உறைப்பைத் தேடிப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள், தங்கச்சி. குலாஷ் என்கிற இறைச்சிக் குழம்பில் போடுகிற மிளகாய்த்தூள்கூட நிறத்துக்குத்தான். ஆனால் குழம்பு விஷயத்தில் அவர்கள் நம்மளவு பைத்தியம். ஸ்விச்கோவா என்று ஒன்று, மாட்டிறைச்சியை கரட், செலரிக் கிழங்கு, வெங்காயம், மிளகு எல்லாம் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து, பிறகு அந்த மரக்கறிகளை மசித்துக் கிறீம் சேர்த்துக் குழம்பாக்கி ஊற்றுகிறார்கள். மேலே ஒரு எலுமிச்சை வட்டம், அதில் புளிப்புப் பழ ஜாம், அதற்கும் மேலே கேக்கில் போடுகிற மாதிரி அடித்த கிறீம். தட்டு வந்ததும் என் வீட்டுக்காரர், “இது யாருக்கோ வந்த பிறந்தநாள் சாப்பாடு” என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். ஒரு வாய் வைத்தபின் பேச்சே இல்லை. இனிப்பும் புளிப்புமாக, வேறு எதோடும் ஒப்பிட முடியாத ருசி.

அதோடு வருவது க்னெட்லீக். கோதுமை மாவில் பழைய பாண் துண்டுகளைக் கலந்து, கை நீளத்துக்கு உருட்டி, வெந்நீரில் அவித்து, வட்டம் வட்டமாக வெட்டியது. தனியே தின்றால் சப்பென்று இருக்கும். அதன் வேலை குழம்பை உறிஞ்சுவதுதான், சொதி இல்லாமல் பிட்டைத் தின்னச் சொன்னால் நமக்கும் அப்படித்தானே? மாட்டிறைச்சி எடுக்காதவர்கள் ‘குர்ஷே நா பப்ரிட்சே’ என்று கேளுங்கள், கோழியும் கிறீம் குழம்பும் அதே க்னெட்லீக்கும் வரும்.

எங்கே சாப்பிடுவது என்பதுதான் முக்கியம். வார நாட்களில் காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை கடை வாசலில் ‘போலெட்னி மெனு’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அலுவலகக்காரர்கள் சாப்பிடுகிற பகல் சாப்பாடு, விலையும் குறைவு, சூப்பும் உண்டு. பழைய நகரச் சதுக்கத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். நான் அங்கே ஒரு தட்டிக்கடையில் நெருப்பில் சுழன்ற பன்றித்தொடையைக் கேட்டேன், பலகையில் போட்டிருந்த விலை 100 கிராமுக்கு என்பது, அந்த மனுசன் அரைக் கிலோவை வெட்டி நிறுத்த பிறகுதான் தெரிந்தது. சின்ன எழுத்தையும் வாசியுங்கள்.

இன்னொன்று, தெருவுக்குத் தெரு ‘பழைய செக் பலகாரம்’ என்று சீனி தூவி விற்கிற ட்ரட்யல்னீக், கோலில் சுற்றிச் சுட்ட மாவுச் சுருள். சுடச்சுட நல்லாத்தான் இருக்கும். ஆனால் அதன் பேர்போன ஊர் பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சா, ப்ராக்கில் அது சுற்றுலாக்காரருக்காகப் பெருகியது. உண்மையான இனிப்பு வேண்டுமென்றால் பழம் வைத்த க்னெட்லீக் கேளுங்கள். நம் மோதகம் மாதிரி உள்ளே ஒரு முழு ஸ்ட்ரோபெரியோ பிளம்ஸோ, மேலே உருக்கின பட்டரும் துருவின பாற்கட்டியும் சீனியும். இதில் வேடிக்கை, அதை அவர்கள் பகல் சாப்பாடாகவே வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: ஹலால் பார்ப்பவர்களுக்கு அங்கே என்ன வழி? – வாசகர், காத்தான்குடி

மறைக்காமல் சொல்கிறேன் தம்பி, பாரம்பரியக் கடைகளில் கஷ்டம்தான். பன்றிக்கொழுப்பை அவர்கள் ‘சாட்லோ’ என்பார்கள், அது வறுவலிலும் உருளைக்கிழங்கு றொட்டியிலும்கூட இருக்கலாம். பருப்புச் சூப்பிலும் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கலாம். ‘பெஸ் மசா’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம், ஆனால் கொழுப்பை இறைச்சிக் கணக்கில் எடுக்காத சமையல்காரர்களும் உண்டு, அதனால் சாட்லோ என்ற சொல்லையும் சேர்த்துக் கேளுங்கள். ட்ரவுட் மீனை பட்டரில் பொரித்துத் தரச் சொல்வது ஓரளவு பத்திரம். பாற்கட்டிப் பொரியல் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதே எண்ணெயில் வேறு என்ன பொரிந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கு ப்ராக்கில் இருக்கும் துருக்கி, அரபுக் கடைகள்தான்.

கேள்வி: பியர் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே அக்கா? – வாசகர், செங்கலடி

வீட்டுக்காரர் வாசிப்பாரே என்று விட்டேன். சரி, கேட்டுவிட்டீர்கள். உலகத்திலேயே தலைக்கு அதிகம் பியர் குடிக்கிற நாடு அது. 1838இல் பில்சன் நகரத்தில், கெட்டுப்போன பியர் 36 பீப்பாயை ஊர்க்காரர்கள் நடுச் சதுக்கத்தில் கொட்டினார்கள். பிறகு தாங்களே ஒரு வடிசாலை கட்டி, இன்றைய ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்பவரைக் கூட்டிவந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் வடித்த பொன்னிறப் பியர்தான் இன்று உலகம் முழுக்கப் ‘பில்ஸ்னர்’ என்ற பேரில் குடிப்பதற்கெல்லாம் தாய்.

என் வீட்டுக்காரருக்கு முதல் கோபம் நுரைமேல். கால் கிளாஸ் நுரை என்று முறைத்தார். அந்த நுரைதான் பியரைக் காக்கிறது என்பது அவர்கள் எண்ணம், கிளாஸ் முழுக்க நுரையாகவே வார்த்து ‘பால்’ என்று பெயர் வைத்தும் குடிக்கிறார்கள். இரண்டாவது சிக்கல், ஒன்றை முடித்ததும் கேட்காமலே அடுத்தது வந்து நின்றது. மேசையில் கிடந்த துண்டுக் கடதாசியில் ஒரு கோடு விழுந்தது. மரியாதைக்கு அதையும் குடித்தார், மூன்றாவது வந்தது. பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர்தான் பாவம் பார்த்து, தன் கிளாஸை மூடிக் காட்டினார். கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை எடுத்து மேலே வைத்தால் போதும் என்று அர்த்தம். வாகனம் ஓட்டுவதாக இருந்தால் ஒரு சொட்டும் ஆகாது, சட்டத்தில் அனுமதி பூச்சியம்.

கேள்வி: குடிக்காதவர்களுக்கு? – வாசகி, அக்கரைப்பற்று

கொஃபோலா. மேற்கத்தியக் கோலாவுக்கு மாற்றாக 1960இல், சோசலிச ஆட்சிக் காலத்தில் வந்தது. மூலிகை மணம், சீனி குறைவு, பியர் மாதிரியே குழாயிலிருந்து வார்ப்பார்கள். கார்லோவி வாரி என்ற ஊருக்குப் போனால் வெந்நீர் ஊற்றுக்களும் உண்டு. உங்கள் மாவட்டத்து மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க மட்டும்தான் போகிறோம், அங்கே கைபிடி வழியாக உறிஞ்சுகிற பீங்கான் கோப்பை ஒன்றை வாங்கி, நடந்துகொண்டே குடிக்கிறார்கள். பெரிய ஊற்று 70 பாகைக்கு மேல். உப்பும் இரும்பும் கலந்த ருசி, எனக்கு மூன்று மிடறுக்கு மேல் இறங்கவில்லை.

கேள்வி: நத்தாருக்கு அங்கே நிற்போம். விசேஷ உணவு என்ன? – வாசகர், தாண்டவன்வெளி

கெண்டை மீன்! கடல் இல்லாத நாடு, நம் உன்னிச்சைக் குளம் மாதிரி வெட்டிய குளத்து மீன்தான். ட்ரெபோன் என்ற ஊருக்குப் பக்கத்து ரோஷ்ம்பெர்க் குளம் 1590இல் கட்டி முடிந்தது, இன்றைக்கும் மீன் பிடிக்கிறார்கள். நத்தாருக்கு முன் தெருவில் தொட்டி வைத்து உயிரோடு விற்பார்கள். சில வீடுகளில் குளியல் தொட்டியில் நீந்தவிட்டு, பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்துவிட, அப்புறம் வெட்ட மனம் வராமல் ஆற்றில் விட்ட கதைகளும் உண்டு. பாண்தூளில் புரட்டிப் பொரித்து உருளைக்கிழங்கு சலாட்டோடு சாப்பாடு. முள் அதிகம், வாவி மீன் தின்று வளர்ந்தவருக்குச் சொல்லவா வேண்டும். தட்டுக்கு அடியில் ஒரு செதில் இருந்தால் எடுத்துப் பணப்பையில் வையுங்கள், வருடம் முழுக்கக் காசு தங்குமாம்.

கேள்வி: க்னெட்லீக்கை வீட்டில் செய்யலாமா? – வாசகி, களுவாஞ்சிகுடி

செய்து பார்த்தேன். முதல்நாள் பாணைச் சின்னதாக வெட்டி, ஈஸ்ட், பால், முட்டை போட்டுப் பிசைந்த கோதுமை மாவோடு சேர்த்து, பொங்கவிட்டு, இட்லிச் சட்டியில் அவித்தால் சரி. நம் ஆட்டுக்கறிக் குழம்போடு அருமை. வெட்டுவதற்குக் கத்தி வேண்டாம், மா நசுங்கி அடைபோல் ஆகிவிடும். வெள்ளைத் தையல் நூலை அடியில் கொடுத்து இரு முனையையும் மேலே குறுக்காக இழுங்கள். என் மகள் அவசரத்தில் பல்லிடுக்கு நூலை எடுத்து வெட்டினாள், அன்று ஆட்டுக்கறி முழுக்கப் பற்பசை மணம்.