பவளப் பாறை மீன் குஞ்சுகள் தங்கள் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

பொரித்ததும் கடலோடு போய்விடும் குஞ்சுகள், திரும்பப் பவளப் பாறையை எப்படிக் கண்டுபிடித்துக் குடியேறுகின்றன என்பது கேள்வி.

வாசனையும் உதவுகிறது. ஆனால் என்னை அசர வைப்பது காதுதான். பன்னா மீன் தலையைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், உள்ளே வெள்ளையாக இரண்டு கல் தட்டுப்படும். மீன் சத்தத்தைக் கேட்க உதவும் காதுக்கல் அதுதான். விரல் நகம் அளவே உள்ள குஞ்சுக்கும் அது உண்டு, மணல் துகள் போல. நாளுக்கு ஒரு வளையம் அதில் விழும். பாறையில் குடியேறிய நாளில் வளையத்தின் அமைப்பே மாறும். அதை எண்ணித்தான் எத்தனை நாள் கடலில் அலைந்தது என்று சொல்கிறார்கள். கோமாளி மீனுக்குச் சுமார் 10 நாள், சில வகைகளுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல்.

பெரும்பாலான குஞ்சுகள் வந்து சேர்வது இருட்டில். பாறையோ ஓயாமல் சத்தம் போடும். கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்களால் எண்ணெயில் கடுகு பொரிவது போலக் கேட்கும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவருகே கடல் உயிரியலாளர் ஸ்டீபன் சிம்ப்சன் குழுவினர் செத்த பவளத் துண்டுகளால் 24 குட்டிப் பாறைகள் கட்டி, சிலவற்றில் மட்டும் இந்தச் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். அங்கேதான் குஞ்சுகள் அதிகம் வந்தன. 2005-இல் வெளியான ஆய்வு இது.

சரி, வந்தால் மட்டும் போதுமா? முதல் இரவுதான் கண்டம். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில், நெற்றியில் கொம்புள்ள ஒரு மீன் வகையில், பாறைக்குள் நுழைந்த குஞ்சுகளில் 61 சதவீதம் மறுநாள் காலைக்குள் இரையாகிப் போனதாக 2004-இல் கணக்கிட்டார்கள்.

தப்பியவைக்கும் பெரியவர்களிடம் இடம் பிடிக்கும் பாடு இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஹம்பக் மீன்கள் ஒரே பவளக் கொத்தில் கூட்டமாக இருக்கும். நீரோட்டம் இரையைக் கொண்டுவரும் பக்கம் பெரியவை நிற்கும். புதுக்குஞ்சு பின்னால் நின்று மிச்சத்தைத் தின்னும். வளர வளரத்தான் முன்னால் நகர முடியும்.

பவளம் வெளுத்துச் செத்தால், குஞ்சுகளை அழைக்கும் பாறையின் சத்தமும் குறைந்துவிடுகிறது. 2019-இல் வந்த ஆய்வொன்றில், அதே லிசார்ட் தீவருகே சிதைந்த பாறைத் திட்டுகளில் நல்ல பாறையின் ஒலிப்பதிவை 40 நாள் ஒலிக்கவிட்டபோது மீன்கள் இரண்டு மடங்காயின. படித்தபோது மகிழ்ச்சியைவிட வருத்தமே மிஞ்சியது. அந்தக் குஞ்சுகள் வந்து சேர்ந்தது ஒரு ஒலிபெருக்கியிடம்.