மீன்பாடி ஓட்டிய கால்

கேள்வி: என் அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில் கார் ஷெட்டிலேயே இரண்டு சீட் விமானம் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார். மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கிறது. "லீவுக்கு வா, ஓட்டக் கற்றுத் தருகிறேன்" என்கிறார். காசிமேட்டில் மீன்பாடி வண்டி (முன்னால் இரண்டு சக்கரமும் சுமைத் தட்டும், பின்னால் ஒரு சக்கரமும் உள்ள வண்டி) ஓட்டி வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கம் கைகொடுக்குமா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பாதி கைகொடுக்கும் தம்பி, மீதிப் பாதி காலை வாரிவிடும்.

மீன்பாடியில் ஐஸ் பெட்டியை உயரமாக அடுக்கினால், எதிரே வருவது தெரியாமல் தலையைப் பக்கவாட்டில் நீட்டுவீர்களே, இதிலும் அதே கதைதான். தரையில் மூக்கு வானத்தைப் பார்க்கும், பாதை மறைந்துவிடும். அதனால் வளைந்து வளைந்துதான் உருட்டிப் போவோம். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கும். அங்கே மீன் கொட்டும், இங்கே புரொப்பெல்லர் மண்ணில் குத்தும்.

வில்லங்கம் திருப்புவதில். மீன்பாடியைத் திருப்புவது கை. விமானம் தரையில் ஓடும்போது திருப்புவது கால். வாலில் படகுச் சுக்கான் மாதிரி ரடர் இருக்கிறது, அதன் பெடல் காலடியில்.

நான் கற்றது புஷ்பக்கில். பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் 1958-இல் முதலில் பறக்கவிட்ட, வாலில் சக்கரம் உள்ள 90 குதிரைத்திறன் விமானம். ராயபுரத்துப் பையனுக்கே உரிய திமிர் வேறு. ஒருநாள் மூன்று சக்கரமும் ஒன்றாகப் பதிய, பூப்போல இறக்கிவிட்டுக் காலைத் தளர்த்தினேன். வால் லேசாக விலகியது, அவ்வளவுதான். பம்பரமாகச் சுழன்று, இறக்கை நுனி புல்லில் தேய்ந்த பிறகுதான் நின்றது. ஆசிரியர் திட்டவில்லை. துடைக்கத் துணி கொடுத்தார், அது திட்டியதைவிட மோசம்.

காரணம், இந்த வகை விமானத்தில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. வால் விலக ஆரம்பித்தால் அந்த எடையே முன்னால் வரப் பார்க்கும். மூக்கில் சக்கரம் உள்ளதில் எடை முன்னால், தானே நேராகிவிடும். இதில் விமானம் முழுதாக நிற்கும்வரை பெடலில் சின்னச் சின்ன மிதிகள் ஓயக் கூடாது.

சரி, மாமாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். புதிதாகக் கட்டிய விமானத்துக்கு அங்கே வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு உண்டு, அது முடியும்வரை பயணிகளை ஏற்றக் கூடாது. முடித்துவிட்டாரா? அவர் இன்ஸ்ட்ரக்டரா? வெறும் பைலட் என்றால், அவர் சொல்லிக்கொடுக்கும் மணி நேரம் உங்கள் லைசன்ஸுக்கான பயிற்சிக் கணக்கில் சேராது. லைசன்ஸுக்கே படிப்பதாக இருந்தால், வெளிநாட்டவர் டி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் வாங்க வேண்டும்.

அப்புறம், தடித்த பூட்ஸ் வேண்டாம், பெடல் காலுக்குத் தெரியாது. அடி மெல்லிய கான்வாஸ் ஷூ ஒன்றை வண்ணாரப்பேட்டையிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.